விதைநெல் மட்டும் போதுமா?

திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் 2006-இல் தொடங்கிய நெல் திருவிழாவுக்கு ஒரே ஒரு நிபந்தனைதான் இருந்தது. இரண்டு கிலோ பாரம்பரிய விதைநெல்லை வாங்கிச் செல்பவர், அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். பத்திரம் கிடையாது, முன்பணம் கிடையாது. அந்த நம்பிக்கையின் மேல்தான் ‘நெல்’ ஜெயராமன் ஓர் இயக்கத்தையே கட்டினார். 2018 டிசம்பரில் அவர் மறைந்தபோது, அவர் தேடி மீட்ட நெல் ரகங்கள் 174 என்று கணக்குச் சொன்னார்கள். மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், கருப்புக் கவுனி, பூங்கார், குழியடிச்சான் என்று பாட்டிகளின் பேச்சில் மட்டும் இருந்த பெயர்கள் இன்று சென்னை, கோவைக் கடைகளின் அலமாரிகளில் இருக்கின்றன. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்து சொன்ன சேதி வீண்போகவில்லை.

ஆனால், விதைத் திருவிழாக்களுக்குப் போகிறவர்கள் இன்னொரு பேச்சையும் கேட்டிருப்பார்கள். “போன வருசம் வாங்கின விதை கலந்துபோச்சு.” “முளைப்பே சரியில்லீங்க.” “ஆள் உசரம் வளர்ந்து அப்படியே சாஞ்சிடுச்சு.” வாங்கிய விதையில் பெரும்பாலும் பழுது இருப்பதில்லை. அந்த விதையை வயலில், களத்தில், பத்தாயத்தில் நடத்தத் தெரிந்த கைப்பக்குவம் விதையோடு சேர்ந்து வரவில்லை. இரண்டு கிலோவைப் பையில் போட்டுக் கொடுத்துவிடலாம். கைப்பக்குவத்தை அப்படிக் கொடுக்க முடியாது. இயற்கை வேளாண்மை, மரபு விதை, நஞ்சில்லா உணவு என்று நாம் பேசும் எல்லாமே எழுதப்படாத இந்த அறிவின் மேல்தான் நிற்கின்றன. அதை அடுத்தவருக்குக் கடத்த நாம் ஏறக்குறைய எதுவுமே செய்யவில்லை.

கலவன் எடுக்கும் கண்

சம்பா அறுவடைக்கு முன்னால் விதைக்கென்று ஒதுக்கிய வயலில் நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். பழகியவர்கள் பயிருக்குள் இறங்கி மெதுவாக நடப்பார்கள். வரப்போரப் பயிரை விதைக்கு எடுப்பதில்லை. அங்கே வெளிச்சமும் இடமும் அதிகம் என்பதால் பயிர் தன் இயல்புக்கு மீறிச் செழித்திருக்கும். தண்ணீர் கட்டி நின்ற பள்ளத்தையும் தொடுவதில்லை. நடு வயலில் கலவன் எடுப்பார்கள், அதாவது வேறு ரகத்துப் பயிரைப் பார்த்துப் பிடுங்கி வெளியே போடுவார்கள். பூக்கும்போது ஒரு முறை, மணி முற்றும்போது இன்னொரு முறை.

புதிய ரகங்களில் இது அவ்வளவு கடினமில்லை. வயல் முழுக்க ஒரே உயரம், ஒரே நிறம் என்பதால் மாறி நிற்பது பளிச்சென்று தெரிந்துவிடும். மரபு ரகத்துக்குள்ளேயே கொஞ்சம் வேறுபாடு இருக்கும். ஒரு பயிர் ஒரு சாண் உயரம் கூடியிருக்கலாம், ஒன்றில் மீசை நீண்டிருக்கலாம், ஒன்றின் தண்டில் செம்மை கூடுதலாக இருக்கலாம். எது அந்த ரகத்தின் இயல்பான வேறுபாடு, எது பக்கத்து வயலிலிருந்து வந்த கலப்பு? நெல் ரகத்தை அடையாளம் காண அரசின் பதிவு வழிகாட்டியில் 62 பண்புகள் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. பழகிய கண் அந்தப் பட்டியலைப் பார்த்து வேலை செய்வதில்லை. பயிரை ஒரு முறை பார்க்கும், கை போகும், பிடுங்கிவிடும். ஏன் என்று கேட்டால், “இது அது இல்ல” என்று மட்டும் பதில் வரும். வேண்டாப் பயிர்களை எல்லாம் பிடுங்கிவிட வேண்டும் என்று படித்துவிட்டு வரும் ஆர்வமுள்ள இளைஞர், ரகத்தின் நல்ல வேறுபாட்டையும் சேர்த்துப் பிடுங்கிவிடுவார். அல்லது பயந்து எல்லாவற்றையும் விட்டுவிடுவார். இரண்டிலும் விதை கெடும்.

அறுத்த கட்டைக் கல்லிலோ பலகையிலோ லேசாக ஓங்கி அடித்தால் நன்கு முற்றிய மணிகள் முதலில் உதிரும். அந்தத் தலையடி நெல்தான் விதைக்கு. கதிர் நுனியிலிருந்து கீழ்நோக்கி முற்றுவது நெல்லின் இயல்பு. முதல் அடியில் உதிர்வது பெரும்பாலும் முழுதாக முற்றிய மணி என்பதைத் தாவரவியல் பின்னால் விளக்கியது, கை முன்பே கண்டுகொண்டது. இன்று அறுவடை இயந்திரம் வந்து ஒரே ஓட்டத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறது. அது போதாதென்று, முந்தைய வயலின் நெல்லையும் தன் வயிற்றில் சுமந்து வந்து இங்கே கலந்துவிட்டுப் போகிறது. மரபு விதை கலந்துபோவதற்கு இது முக்கியமான ஒரு காரணம்.

பிறகு உலர்த்தல். உச்சிவெயிலில் சிமென்ட் தளத்தில் விதைநெல்லைப் பரப்பினால் கரு வெந்துவிடும். காலை வெயிலும் மாலை வெயிலும் மட்டும்தான் காட்ட வேண்டும். எப்போது போதும்? ஒரு மணியை எடுத்துக் கடவாய்ப் பல்லில் வைத்துக் கடிப்பார்கள். ‘டக்’கென்று உடைந்தால் காய்ந்துவிட்டது. நசுங்கினாலோ சத்தம் மழுங்கினாலோ, “இன்னும் ஒரு வெயில் காட்டணும்” என்பார்கள். சான்று விதைக்கான விதி, ஈரப்பதம் 13 சதவீதத்துக்கு மேல் கூடாது என்கிறது. பழகிய பல் ஏறக்குறைய அந்த இடத்தில்தான் நிற்கும். அந்தப் பல்லுக்குரியவர் சதவீதம் என்ற சொல்லையே தன் வாழ்நாளில் சொல்லியிருக்க மாட்டார்.

வைக்கோல் பிரி சுற்றி விதைக்கோட்டை கட்டுவது, சாக்கிலும் குதிரிலும் நொச்சியும் வேப்பிலையும் போடுவது, மூட்டைக்குள் கையை நுழைத்துச் சூடு ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது என்று இந்த வேலை விதைப்பு வரை நீளும். இதில் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். மரபு ரகங்கள் பலவற்றில் விதை உறக்கம் உண்டு. அறுத்தவுடன் முளைக்காது, சில வாரங்கள் கிடக்க வேண்டும். இது தெரியாதவர் அறுவடை முடிந்த கையோடு நூறு மணியை ஈரத்துணியில் கட்டிப் பார்த்து, முளைப்பு இல்லை என்று விதையையே ஒதுக்கிவிடுகிறார். எந்த ரகத்தை எத்தனை நாள் தூங்கவிட வேண்டும் என்பது அந்த ரகத்தோடு பல ஆண்டு வாழ்ந்தவருக்குத்தான் தெரியும்.

திரும்பி வராத கைகள்

ஹங்கேரியில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த மைக்கேல் பொலானி முதலில் வேதியியலாளர், பிறகு தத்துவ அறிஞர். எழுத்தில் அடங்காத அறிவைப் பற்றி விரிவாகச் சிந்தித்தவர்களில் முதன்மையானவர். 1958-இல் வெளிவந்த ‘பர்சனல் நாலெட்ஜ்’ நூலில் அவர் காட்டும் உதாரணங்களில் ஒன்று ஸ்ட்ராடிவாரியஸின் வயலின். அரைகுறைப் படிப்பு மட்டுமே இருந்த ஒரு கைவினைஞர் இருநூறு ஆண்டுகளுக்கும் முன்பே சாதாரணமாகச் செய்துவந்த வயலினை, நுண்ணோக்கியும் வேதியியலும் கணிதமும் கையில் இருந்தும் பின்வந்தவர்களால் திரும்பச் செய்ய முடியவில்லை. பொலானியின் முடிவு கறாரானது: இப்படிப்பட்ட கலையை ஒரு தலைமுறை பழகாமல் விட்டால், அது போனதுதான். ஆய்வுக்கூடத்து விஞ்ஞானிகூட மூத்தவரின் அருகில் நின்று, அவர் செய்வதைப் பார்த்துப் பார்த்துத்தான் தன் தொழிலைக் கற்கிறார் என்றும் அவர் எழுதினார்.

நமக்கு அந்த ஒரு தலைமுறை இடைவெளி விழுந்துவிட்டது. 1966-இல் பிலிப்பைன்ஸில் ஐ.ஆர்.8 என்ற குட்டை நெல் ரகம் வெளியானது. அதே ஆண்டு இறுதியில் இந்தியாவில் விதைச் சட்டம் வந்தது. தஞ்சையில் ஆடுதுறை 27 என்ற புதிய நெல் ரகம் பரவியது. அன்றைய பசி உண்மையானது, அமெரிக்கக் கோதுமைக் கப்பலுக்காக நாடு காத்திருந்ததும் உண்மை. அந்த மாற்றத்தைக் கொண்டுவந்தவர்களை இன்று வசதியாக உட்கார்ந்துகொண்டு குறை சொல்வது நியாயமாகாது. ஆனால் அந்த மாற்றத்தோடு அறிவு இருக்கும் இடமும் மாறியது. விதை பையில் வந்தது. எத்தனை நாள் பயிர், எத்தனை கிலோ யூரியா, எந்த நாளில் எந்த மருந்து என்பது துண்டறிக்கையில் வந்தது. வயலைப் பார்த்து முடிவெடுத்த கண்ணுக்கு வேலை குறைந்தது. 1966-இல் இருபது வயதில் தலையடி நெல் எடுத்துப் பழகியவருக்கு இன்று எண்பது வயது.

துண்டறிக்கையைப் பார்த்துப் பயிர்செய்யும் பழக்கத்தோடு காட்டுயானத்தைக் கையில் எடுத்தால் என்ன ஆகும்? ஆறேழு அடி உயரம் போகும் பயிருக்கு, குட்டை ரகத்துக்குப் போட்ட கணக்கில் உரம் போட்டால் மழையில் படுத்துவிடும். “பாரம்பரிய நெல் நமக்கு ஒத்துவராது” என்ற முடிவுக்கு வருகிறார் விவசாயி. நெல்மீது பழி விழுகிறது.

மில்லும் அடுப்படியும்

வயலோடு இது முடிந்தால் பரவாயில்லை. நெல்லைப் புழுங்கவைப்பவரின் கணிப்பும் இதேபோலத்தான். எவ்வளவு நேரம் ஊற வேண்டும், ஆவியில் நெல் வாய் பிளக்கும் நேரம் எது, களத்தில் எவ்வளவு காய வேண்டும் என்பதெல்லாம் ரகத்துக்கு ரகம் மாறும். அதிகம் காய்ந்தால் மில்லில் நொய்யாகும்; ஈரம் நின்றால் அரிசி நசுங்கும், பூசணம் பிடிக்கும். களத்தில் காலால் நெல்லைத் துழாவிக்கொண்டே நடக்கும் பெண்கள் உள்ளங்காலிலேயே அந்தப் பதத்தை அறிகிறார்கள். ஊருக்கு ஊர் இருந்த சின்ன மில்கள் மூடப்பட்டபோது இந்த அறிவும் சேர்ந்து மூடப்பட்டது. லாரி லாரியாக ஒரே ரகம் கேட்கும் பெரிய ஆலைக்கு ஐந்து மூட்டைச் சிவப்பரிசி நெல் தொல்லைதான். இயற்கை விவசாயிகளிடம் பேசினால் விலையைவிட மில்லைப் பற்றித்தான் அதிகம் புலம்புகிறார்கள்.

அப்புறம் நம் அடுப்படி. ஆசைப்பட்டு ஒரு கிலோ மாப்பிள்ளைச் சம்பா வாங்கி, பொன்னிக்கு வைப்பதுபோலத் தண்ணீர் வைத்து, குக்கரில் மூன்று விசில் விட்டு இறக்குகிறோம். வெந்தும் வேகாமலும் இருக்கிறது. பிள்ளைகள் தொடுவதில்லை. மீதி அரிசி டப்பாவில் வண்டு பிடிக்கிறது, இரண்டாவது கிலோ வாங்கப்படுவதில்லை. அந்த அரிசியை முதல் நாள் இரவே ஊறவைக்க வேண்டும், அது கஞ்சிக்கும் நீராகாரத்துக்கும் பேர்போனது, கவுனியைச் செட்டிநாட்டில் இனிப்பாகச் செய்வார்கள் என்பதெல்லாம் சமைத்த கைகளுக்குத் தெரிந்திருந்தது. வயலில் விதையைக் காப்பாற்றுவதில் சமையலறைக்கும் பாதிப் பங்கு உண்டு. சாப்பிடத் தெரியாத ரகத்தை எந்த விவசாயியும் மூன்றாம் ஆண்டு பயிரிட மாட்டார்.

இது நஞ்சில்லாமல் விளைந்ததுதான் என்று வாங்குபவர் வைக்கும் நம்பிக்கையும் இந்த வகை அறிவின் மேல்தான் நிற்கிறது. இயற்கை விளைபொருளுக்கு அரசு ஏற்கும் சான்றுகள் இரண்டு வழியில் கிடைக்கின்றன. ஒன்று, ஏற்றுமதியை மனத்தில் வைத்து 2001-இல் தொடங்கிய மூன்றாம் தரப்புச் சான்று. இன்னொன்று, விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை மற்றவர் பார்த்து உறுதி சொல்லும் பங்கேற்பு உத்தரவாத முறை. குறைந்தது ஐந்து பேர் இருந்தால் குழு அமைக்கலாம். எனக்கு இரண்டாவதன்மீதுதான் நம்பிக்கை அதிகம். வெளியிலிருந்து வரும் ஆய்வாளர் பதிவேட்டைப் பார்ப்பார். பக்கத்து வயல்காரர் வரப்பில் நடக்கும்போதே களைக்கொல்லி அடித்த புல்லின் நிறத்தைப் பார்த்துவிடுவார், மண்புழு எச்சம் இருக்கிறதா என்று கால் பார்த்துவிடும். ஆனால் அந்த முறையும் நாளாக நாளாகப் படிவம் நிரப்பும் வேலையாகச் சுருங்குவதைப் பார்க்கிறோம். பார்க்கத் தெரிந்த ஐந்து பேர் இல்லாத ஊரில் படிவம் மட்டும் என்ன செய்யும்?

யாருடைய அறிவு?

இந்த இடத்தில் ஒரு கேள்வியைத் தவிர்க்க முடியாது. கலவன் எடுத்தது யார்? தூற்றியது, புடைத்தது, பல்லில் கடித்துப் பார்த்தது யார்? காவிரி டெல்டாவில் பெரும்பாலும் நிலமில்லாத, தலித் குடும்பத்துப் பெண்கள். விதையைப் பற்றி எல்லாம் தெரிந்தவர்களுக்கு விதைக்கச் சொந்தமாக ஒரு மா நிலம் இருக்கவில்லை. இதே மண்ணில்தான் கூலியாகக் கொஞ்சம் நெல் கூட்டிக் கேட்ட போராட்டத்தின் முடிவில், 1968 டிசம்பர் 25 அன்று இரவு, கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் தீயில் கருகின. மரபு நெல்லின் பெருமையைப் பேசும் எந்த மேடையும் இதை மறந்துவிட்டுப் பேசக் கூடாது. ‘முன்னோடி விவசாயி’ என்று பொன்னாடை போர்த்தப்படுபவர் பெரும்பாலும் பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான். அவர் வயலின் விதையை ஆண்டாண்டாகப் பொறுக்கிக் கொடுத்த கை, கூட்டத்தின் கடைசி வரிசையில்கூட இருப்பதில்லை. அந்தப் பெண்களின் பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்டார்கள். போனதில் தவறென்ன இருக்கிறது? அவமானமும் அரைவயிறும் சேர்ந்து வந்த ஒரு வேலையை அம்மாவிடம் கற்றுக்கொள் என்று அவர்களிடம் சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

வேலையின் சுமை மரபு அறிவைத் தள்ளிவிடுவது கொல்லிமலையிலும் நடந்தது. சாமை, தினை, பனிவரகு விளைந்த சரிவுகளில் மரவள்ளி ஏறியது. மரவள்ளிக்குச் சந்தையில் காசு கிடைத்தது என்பது ஒரு காரணம். சாமையை உரலில் போட்டுக் குத்திக் குத்திப் பெண்களின் தோள் இற்றுப்போனது இன்னொரு காரணம். அங்கே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உமி நீக்கும் சிறு இயந்திரங்களைக் கொண்டுவந்தது சரியான உதவி. சுமையை இயந்திரம் எடுத்துக்கொள்ளட்டும். எந்தக் கதிரை விதைக்கு நிறுத்துவது என்ற முடிவு அந்தப் பெண்ணிடமே இருக்கட்டும், அதற்கு மதிப்பும் ஊதியமும் சேரட்டும்.

கைப்பக்குவத்தால் எல்லாம் ஆகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பத வரம்பு 17 சதவீதம். பல்லால் 17-க்கும் 18-க்கும் வேறுபாடு சொல்ல முடியாது. முன்பின் அறியாத இருவர் விற்று வாங்கும் இடத்தில் கருவி வேண்டும். அந்தக் கருவி காட்டும் எண்ணை விவசாயியும் பார்க்கும்படி வைக்க வேண்டும். அறுவடைக் காலத்தில் பருவம் தவறி மழை கொட்டுகிறது, ஈரப்பத வரம்பைத் தளர்த்தச் சொல்லி மாநில அரசு மத்திய அரசுக்கு எழுதுவது ஏறக்குறைய வழக்கமாகவே ஆகிவிட்டது. ஆக, பழைய பட்டக் கணக்கும் காற்றுக் கணக்கும் பல இடங்களில் பொய்க்கின்றன. அங்கே ஆய்வுக்கூடத்தின் துணையும் வேண்டும். ஒடிசா விவசாயிகள் வெள்ளத்தைத் தாங்கும் நெல்லைத் தலைமுறைகளாகப் பொறுக்கி வைத்திருந்தார்கள். அந்த வழியில் வந்த எஃப்.ஆர்.13ஏ ரகத்திலிருந்துதான் மூழ்கலைத் தாங்கும் மரபணுவை 2006-இல் அடையாளம் கண்டார்கள். 2009-இல் வந்த ஸ்வர்ணா சப்-1 இரண்டு வாரம் வரை நீருக்குள் கிடந்தாலும் பிழைக்கிறது. விவசாயியின் கண்ணும் ஆய்வுக்கூடமும் ஒன்றையொன்று மதித்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இன்றைக்கு நம் முயற்சி முழுவதும் சேமிப்பில் இருக்கிறது. டெல்லியில் தேசிய தாவர மரபணு வள நிறுவனத்தின் உறைகுளிர் அறைகளில் விதைகள் பத்திரமாக இருக்கின்றன. பாரம்பரிய விதை அறிவைக் காணொளியாகப் பதிவுசெய்கிறோம், செயலியில் ஏற்றுகிறோம். எல்லாம் தேவைதான். காணொளியில் ‘டக்’ சத்தம் கேட்கும். எந்த அழுத்தத்தில் கடித்தால் அந்தச் சத்தம் என்பது கடித்துப் பழகினால்தான் வரும், அதுவும் பக்கத்தில் ஒருவர் “இது பத்தாது” என்று சொல்லிக்கொண்டிருந்தால்தான் வரும்.

2021-இல் தமிழ்நாட்டின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் நெல் ஜெயராமன் பெயரில் மரபுசார் நெல் ரகங்கள் பாதுகாப்பு இயக்கம் அறிவிக்கப்பட்டது. அரசு விதைப் பண்ணைகளில் இந்த ரகங்களைப் பெருக்கி மானிய விலையில் தருவது அதன் மையமான வேலை. அதே பண்ணைகளில் இன்னொரு செலவினத்தையும் சேர்க்கலாம். சுற்று வட்டாரத்தில் விதை பொறுக்கத் தெரிந்த மூத்த பெண்களைத் தேடிப் பிடித்து, விதைப் பயிற்றுநர் என்ற பதவிப் பெயரோடு, தினக்கூலி விகிதத்தில் அல்லாமல் பயிற்றுநருக்குரிய ஊதியத்தோடு, பூப்பு முதல் விதைக்கோட்டை கட்டும் வரை ஒரு முழுப் பருவம் வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொருவரோடும் நாலைந்து இளைஞர்கள் கூடவே வேலை செய்ய வேண்டும், அவர்களுக்கும் உதவித்தொகை தர வேண்டும். மண்டபத்தில் நாற்காலி போட்டு, திரையில் படம் காட்டி, மதியச் சாப்பாட்டோடு முடியும் ஒருநாள் பயிற்சிகளில் கொஞ்சத்தைக் குறைத்தாலே இதற்குப் பணம் கிடைக்கும். வேளாண் கல்லூரி இறுதியாண்டு மாணவர்கள் கிராமத்தில் தங்கிப் பணி அனுபவம் பெறும் திட்டம் ஏற்கெனவே இருக்கிறது. டெல்டா கல்லூரிகளிலாவது அதன் ஒரு பகுதியைத் தை, மாசிக்கு மாற்றி, மாணவர்களைக் களத்தில் நிறுத்தலாம். மதிப்பெண்ணில் ஒரு பங்கை அந்த மூத்த பெண்ணே போடட்டும். வட்டத்துக்கு ஒன்றாவது, ஐந்து மூட்டையையும் முகம் சுளிக்காமல் அரைத்துத் தரும் சிறு மில் வேண்டும். அதை நடத்தும் பொறுப்பை மகளிர் குழுக்களுக்குத் தரலாம்.

வரும் சம்பாவுக்கு விதைப் பண்ணைகள் எந்த ரகத்தை எத்தனை ஏக்கரில் போடுவது என்ற திட்டம் வழக்கம்போலத் தயாராகும். அந்தப் பட்டியலில் ரகத்தின் பெயருக்குப் பக்கத்தில், அதைப் பொறுக்கத் தெரிந்தவரின் பெயருக்கும் ஒரு கட்டம் போடலாம். அந்தக் கட்டம் காலியாக இருக்கும் ரகங்களுக்குத்தான் முதலில் ஆள் தேட வேண்டும்.